சின்னக் கம்பத்தோரம் எலிஷா பென்ரோஸ்

ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க ஊரான மார்லோ கல்லியில் சனிக்கிழமை மத்தியானம் சுரங்க மணி அடித்தால் யாரும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். மேலே வந்த கையோடு முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு, மெழுகுவத்தி சொட்டிக் காய்ந்த தொப்பியோடேயே மைதானத்துக்கு நடப்பார்கள். மைதானம் என்றால், கழிவுக்கல் குன்றுக்கும் கல் இடிக்கும் ஆலைக்கும் நடுவே சரிந்து கிடந்த ஒரு புல்வெளி. பார்க்க வந்த கூட்டம் குன்றின் மேல் ஏறி நின்றுகொள்ளும். ஆலை இடிக்கிற இடியில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. ஆனால் எலிஷா பென்ரோஸ் பந்தை ஓட்டத் தொடங்கிவிட்டால், குன்றிலிருந்து கிளம்பும் கூச்சல் ஆலையையே அமுக்கிவிடும்.

"ஓட்டுறான் பாரு! லிஷ் ஓட்டுறான் பாரு!"

எலிஷா அணியின் கடைசிக் காவல்காரன். அவனுக்குப் பின்னால் இருந்தவை நான்கு கம்பங்கள் மட்டுமே. நடுவில் உயரமாக இரண்டு, அவற்றுக்கு இரு பக்கமும் குட்டையாக ஒவ்வொன்று. உயரமான இரண்டுக்கும் நடுவே எதிராளி உதைத்த பந்து போனால் கோல். உயரக் கம்பத்துக்கும் குட்டைக் கம்பத்துக்கும் இடையில் போனால் அது வெறும் ஓரம். கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டு மாட்டி நிற்கும் ரொட்டிக்கடை ஹாக்கின், கோல் என்றால் இரண்டு கொடிகளை ஆட்டுவார். ஓரம் என்றால் ஒற்றைக் கொடி. அந்த ஒற்றைக் கொடிக்கு அப்போதெல்லாம் புள்ளி கிடையாது. அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

சொல்லப்போனால் ஓரம் என்பது காவல்காரனுக்கு வரம். பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் அடுத்த உதை அவனுடையது. யாரும் கிட்டே வரமுடியாது. குதிகாலால் மண்ணில் ஒரு சின்னக் குழி பறித்து, முட்டை வடிவப் பந்தை அதில் நிறுத்தி, பின்னால் நடந்துபோய், ஓடிவந்து உதைக்கலாம். எலிஷா உதைத்தால் பந்து பாதி மைதானம் தாண்டும்.

ஆகவே அவன் ஒரு வித்தை கற்றுவைத்திருந்தான். எதிராளி உதைத்த பந்து உருண்டு வரும். எலிஷா அதைத் தொடமாட்டான். அதன் கூடவே ஓடுவான். பின்னால் துரத்தி வருகிறவனைத் தோளாலும் முதுகாலும் அண்டவிடாமல் தள்ளிக்கொண்டே, பந்தை ஆட்டுக்குட்டியைப் பட்டிக்குள் விடுவதுபோல உயரக் கம்பத்தைத் தாண்டிச் சின்னக் கம்பத்தோரம் போகவிடுவான். பந்து கோட்டைத் தாண்டியதும் வலது கையை மேலே தூக்குவான். குன்று அலறும். லோகன்ஸ் ஹில் அணியின் முன்வரிசைக்காரன் கார்னி டூலன் மண்ணிலிருந்து எழுந்து வாயிலிருந்த புல்லைத் துப்புவான்.

"டேய் பேஸ்டி தின்னி, பந்த ஒரு தடவையாச்சும் கையால தொட்டிருக்கியாடா?"

"உன்னத் தொடறதுக்கே நேரம் சரியாப் போயிடுது கார்னி."

கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக் குடும்பங்கள்தான் மார்லோ கல்லியில் பாதிப்பேர். கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பேஸ்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பூமிக்குள் இறங்குகிறவர்கள். டூலன் அதைச் சொல்லித் திட்டுவதும், இவர்கள் அவனுடைய அயர்லாந்துக் கஞ்சியைச் சொல்லித் திட்டுவதும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

பத்தொன்பது வயதில் காவலுக்கு வந்த எலிஷாவுக்கு அந்த நான்கு கம்பங்களுக்கு முன்னால் நிற்பதே வாழ்க்கையின் பெரிய பாகமாகிவிட்டது. வாரம் ஆறு நாள் இருட்டில் கல்லை உடைப்பவனுக்கு, ஒரு மத்தியானம் மட்டும் வெளிச்சத்தில், ஊரே பார்க்க, தனக்கென்று ஓர் இடம். அணித்தலைவன் ஜேபஸ் கிட்டோவின் தங்கை தாம்சின், தேவாலயத்துத் தேநீர் விருந்தில் அவனோடு முதன்முதலில் பேசியதே இதைப் பற்றித்தான்.

"எல்லாரும் பந்தப் பிடிக்க ஓடுறாங்க. நீ மட்டும் பந்த வழியனுப்பி வைக்க ஓடுற. பாக்க வேடிக்கையா இருக்கு."

"வேடிக்கையாவா இருக்கு?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன். கேக்கு எடுத்துக்கோ."

அடுத்த வசந்தத்தில் இருவருக்கும் திருமணம் ஆனது. கிட்டோ அவனுக்கு மச்சான் ஆனான்.

ஆண்டுகள் போயின. எலிஷாவின் முட்டி கொஞ்சம் தேய்ந்தது, முடி கொஞ்சம் உதிர்ந்தது. வித்தை மட்டும் தேயவில்லை. யோசிக்கவே வேண்டாம், கால் தானாகச் செய்தது.

1897இல் விதி மாறியது. மெல்போர்னிலிருந்து வந்த புது விதியை மாவட்டச் சங்கமும் ஏற்றுக்கொண்டது. இனி கோலுக்கு ஆறு புள்ளி, ஓரத்துக்கு ஒன்று. கிட்டோ அதை மதுக்கடையின் பின்னறையில் அணிக்கு விளக்கினான்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா? ஓரமும் இனிமே கணக்கு. லிஷ், உனக்குத்தான் முக்கியமாச் சொல்றேன்."

"எனக்குக் காது இருக்கு மச்சான்."

புரியாமல் இல்லை. அந்தப் பருவம் முழுவதும் எலிஷா கவனமாகத்தான் இருந்தான். உருண்டு வந்த பந்தைக் குனிந்து எடுத்தான், மோதினான், அடிபட்டான். நன்றாகவே ஆடினான். செப்டம்பரில் மார்லோ கல்லி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே லோகன்ஸ் ஹில்.

கடைசிக் கால்பகுதி முடியும் நேரம். இரண்டு அணிக்கும் இருபத்தேழு, சமம். டூலன் தூரத்திலிருந்து அவசரமாக உதைத்தான். பந்து கோணிக்கொண்டு வந்து, விழுந்து, குதித்து, உருண்டது. எலிஷா ஓடினான். பின்னால் டூலனின் மூச்சு. எலிஷாவின் தோள் சரிந்தது, முதுகு அகலமானது. பந்து நோகாமல் உருண்டு சின்னக் கம்பத்தோரம் கோட்டைத் தாண்டியது.

எலிஷா வலது கையைத் தூக்கினான்.

குன்று அலறவில்லை. ஆலைச் சத்தம் மட்டும் கேட்டது. ஹாக்கின் ஒரு நிமிடம் அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஒற்றைக் கொடியை எடுத்து ஆட்டினார். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று எலிஷாவுக்குத் தெரியவில்லை. இறக்குவதற்குள் ஆட்டம் முடியும் மணி அடித்துவிட்டது. லோகன்ஸ் ஹில் ஒரே புள்ளியில் ஜெயித்தது.

டூலன் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ரொம்ப நன்றி லிஷ். கிறிஸ்துமஸுக்குப் பேஸ்டி வாங்கி அனுப்புறேன்."

ஊர் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அதைவிடக் கொடுமையாக, சிரித்தது. சுரங்கக் கூண்டில் இறங்கும்போது யாராவது, "முதல்ல நீ போ லிஷ், இல்ல இல்ல, நீ யாரையாவது வழியனுப்புவியே" என்பார்கள். ரொட்டிக்கடைக்குப் போனால் ஒரு ரொட்டி கூடுதலாக வைத்து, "இந்த ஒண்ணு சும்மா" என்று யாராவது கண்ணடிப்பார்கள். எலிஷாவும் கூடச் சிரித்தான். வீட்டுக்கு வந்து பூட்ஸ் வாரை அவிழ்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

சிரிப்பைவிட வேறொன்று அவனை அரித்தது. இத்தனை வருஷம் தன் திறமை என்று நினைத்திருந்தது திறமைதானா? அல்லது பழகிப்போன காலா? ஊர் கைதட்டியது தனக்கா, அந்தப் பழக்கத்துக்கா? பழக்கத்தைக் கழித்துவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? யாரிடம் கேட்பது என்று தெரியாத கேள்வி. கேட்டாலும் கேலி செய்வார்கள்.

அடுத்த மே மாதம், பருவம் தொடங்கும் முன், கிட்டோ வீட்டுக்கு வந்தான். தாம்சின் ஊற்றிய தேநீரைக் குடிக்காமல் கோப்பையையே சுற்றிக்கொண்டிருந்தான்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. இந்த வருஷம் காவலுக்கு ஸ்பார்கோவப் போடுறேன்."

ஸ்பார்கோ இருபது வயது, குதிரைவண்டி ஓட்டுகிறவன், நல்ல உயரம்.

"நான்?"

"பக்கவரிசையில ஓடு. உன் உதை எனக்கு வேணும். ஆனா கம்பத்துக்கு முன்னால உன்ன நிறுத்துனா, ஆட்டம் முழுக்க ஊரு உன்னையேதான் பாக்கும். நானும் உன்னையேதான் பாப்பேன். அப்புறம் எப்படி ஆடுறது?"

தாம்சின் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "குடிக்கிறதுன்னா குடி. இல்லன்னா கோப்பைய வை, கழுவணும்."

எலிஷா பக்கவரிசையில் ஓடினான். ஓடுவதில் அவன் சாமர்த்தியசாலி அல்ல. கண் மட்டும் அடிக்கடி பின்னால் போகும். அங்கே ஸ்பார்கோ நிற்பதைப் பார்க்கும்போது, தன் வீட்டு வாசலில் இன்னொருவன் நிற்பதுபோல இருக்கும். அந்த இடம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு வேறு ஆசை இல்லை. முப்பத்துமூன்று வயதில் இது ஓர் ஆசையா என்று தன்னையே கேட்டுக்கொள்வான். ஆமாம் என்றுதான் பதில் வரும்.

ஒரு நாள் பூமிக்குள் வேலை. அவனும் கூட்டாளி ஜோரியும் ஒரு குடைவை முடித்துவிட்டுக் கருவிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கூரையைத் தாங்கும்படி உடைக்காமல் விட்ட பாறைத்தூண். மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுபோனால் அதிலும் தங்கம் மினுங்கியது.

"இதையும் விட்டுட்டுப் போகணுமா? பாக்கப் பாக்க வயிறு எரியுது லிஷ்."

"எரியட்டும். மேல பாரு. இத எடுத்தா அது எல்லாம் தலையில."

"சரிதான். விடுற விஷயத்துல உன்ன அடிச்சுக்க ஆளு யாரு?"

ஜோரி தன் கேலிக்குத் தானே சிரித்தான். எலிஷா சிரிக்கவில்லை. சுத்தியலைக் கையில் வைத்தபடி தூணையே பார்த்துக்கொண்டு நின்றான். "என்னடா, கோவமா?" என்று ஜோரி கேட்டது அவன் காதில் ஏறவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் பேஸ்டியின் விளிம்பை நான்கு துண்டாக ஒடித்து நட்டுவைத்தான். உப்புக் கிண்ணத்தை அவற்றுக்கு முன்னால் நகர்த்தினான்.

"சாப்பாட்டுல என்ன விளையாட்டு?" என்றாள் தாம்சின்.

"இங்க பாரு. நான் பந்தோட நிக்கிறேன். மூணு பேரு பாஞ்சு வர்றான். என் முகத்துக்கு நேரா காத்து. உதைச்சா திரும்பி வரும், உதைக்கலன்னா பிடுங்குவான். ரெண்டுலயும் கோல். ஆறு போச்சு. சரியா?"

"சரி."

"நானே பந்த எடுத்துட்டு இந்த ஓரமாப் போயிட்டா?"

"அவனுக்கு ஒண்ணு."

"ஒண்ணுதான். அப்புறம் பந்து என் கையில. யாரும் கிட்ட வரமுடியாது. நிதானமா வெச்சு உதைக்கலாம்."

தாம்சின் உப்புக் கிண்ணத்தை ஓரத் துண்டைத் தாண்டி நகர்த்திப் பார்த்தாள். "அப்ப போன வருஷம் நீ பண்ணது தப்பே இல்லையா?"

"தப்புதான். போன வருஷம் சமமா இருந்தோம். காலு தானா ஓடுச்சு, நான் கணக்கப் பாக்கல. நாம கொஞ்சம் முன்னால இருந்தா மட்டும்தான் இது செல்லும்."

"என் அண்ணன்கிட்ட சொல்லு."

சொன்னான். கிட்டோ கடைசிவரை கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"வேணும்னே எதிரிக்குப் புள்ளி குடுக்கணுமா? அதுவும் நீயா? மச்சான், ஊரு உன்னையும் என்னையும் ஒரே குழியில போட்டு மூடிடும். இந்தப் பேச்ச இதோட விடு."

எலிஷா விட்டுவிட்டான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஆடும்போது வாய் எப்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். நமக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பதிமூணு. நமக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பதினாலு. பக்கத்தில் ஓடுகிறவர்கள் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். போன வருஷத்துப் பெயர்களுக்கு இது தேவலை.

செப்டம்பரில் மறுபடியும் இறுதி ஆட்டம். அதே மைதானம், அதே லோகன்ஸ் ஹில், அதே வெற்றிக்கோப்பை. மூன்று நாள் மழையில் புல்வெளி களிமண்ணாகியிருந்தது. அணைக்கட்டுப் பக்கமிருந்து வீசிய காற்று, கடைசிக் கால்பகுதியில் மார்லோ கல்லியின் முகத்துக்கு நேராக அடித்தது. அந்தக் காற்றில் அவர்களால் பந்தைத் தள்ளவே முடியவில்லை. நல்ல வேளையாக முன்னமே சேர்த்துவைத்த புள்ளிகள் இருந்தன. நமக்கு முப்பத்துநாலு, அவனுக்கு முப்பத்தொண்ணு என்று எலிஷாவின் உதடு அசைந்தபோது, ஸ்பார்கோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. எழுந்தபோது அவன் இடது கை தொங்கியது.

மாற்று ஆள் என்று ஒருவன் கிடையாது. கிட்டோ ஸ்பார்கோவை முன்வரிசை மூலையில் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, சுற்றிலும் பார்த்தான். எலிஷா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று பயம்.

"இந்தக் காத்துல பின்னாலேருந்து உதைக்க வேற எவன் இருக்கான்?" கிட்டோ தன்னிடமே சலித்துக்கொள்வதுபோலச் சொன்னான். பிறகு எலிஷாவின் சட்டையைப் பிடித்தான். "போ. ஆனா ஒண்ணு. பந்த விட்டுராத. செத்தாலும் விட்டுராத."

எலிஷா கம்பங்களுக்கு முன்னால் போய் நின்றதும் குன்றில் ஒரு முனகல் எழுந்தது. லோகன்ஸ் ஹில்காரர்கள் கைதட்டி வரவேற்றார்கள். டூலன் குனிந்து வணக்கம் வைத்தான்.

"வந்துட்டியா கண்ணு! உன்ன எவ்வளவு தேடினேன் தெரியுமா?"

"எங்களுக்கு முப்பத்துநாலு, உனக்கு முப்பத்தொண்ணு" என்றான் எலிஷா.

இரண்டு முறை பந்து வந்தது. இரண்டு முறையும் மார்போடு அணைத்து விழுந்து, சேற்றோடு சேறாகக் கிடந்து, எப்படியோ வெளியே தள்ளினான். மூன்றாம் முறை அவர்கள் காற்றில் உயரத் தூக்கி உதைத்தார்கள். பந்து வளைந்து கோல் வாயிலேயே இறங்கியது. எலிஷா எம்பினான். விரலில் பட்டு வழுக்கியது, தரையில் குதித்தது, கையில் சிக்கியது. நிமிர்ந்து பார்த்தான். முன்னால் டூலன். இரு பக்கமும் இன்னும் இருவர். அவர்களுக்குப் பின்னால் காற்று.

உதைத்தால் பத்தடி போகும். பிடித்து ஆறு எடுப்பார்கள். விட்டுராத என்றான் மச்சான். மூணு முன்னால இருக்கோம், ஒண்ணு போனா ரெண்டு.

கால் ஒன்றும் சொல்லவில்லை. முதன்முறையாகக் கால் அவனுக்காகக் காத்திருந்தது.

எலிஷா திரும்பினான். பந்தை இரண்டு கையாலும் இடுக்கிக்கொண்டு, தன் கம்பங்களை நோக்கியே ஓடினான். உயரக் கம்பத்துக்கு இந்தப் பக்கமாக, சின்னக் கம்பத்தோரம், கோட்டைத் தாண்டிப் போய் நின்றான்.

குன்று வெடித்தது. "மறுபடியுமா!" என்று யாரோ கதறினார்கள். ஒரு தொப்பி பறந்து வந்தது. "கட்டிப் போடுங்கடா அவன!" மைதானத்தின் நடுவில் கிட்டோ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

ஹாக்கின் கொடியை எடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்குள் சுருங்கிக்கொண்டு கிட்டே வந்து காதோடு கேட்டார்.

"தம்பி, தெரிஞ்சுதான் பண்ணியா?"

"தெரிஞ்சுதான் பெரியவரே. கொடிய ஆட்டுங்க."

ஒற்றைக் கொடி ஆடியது. நமக்கு முப்பத்துநாலு, அவனுக்கு முப்பத்திரெண்டு. எலிஷா பந்தைக் கோட்டருகே கொண்டுவந்து வைத்தான். குதிகாலால் சேற்றைக் கிளறினான். குழி தண்ணீர் கட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளி வேறொரு குழி பறித்தான். அதிலும் தண்ணீர். டூலன் முன்னால் நின்று கத்தினான்: "நடவு நடுறியா? சீக்கிரம் உதைடா!"

"உதைக்கிறேன். அவசரம் உனக்குத்தான்."

பந்தை நிறுத்தினான். காற்றைப் பார்த்தான். நேராக உதைத்தால் திரும்பும்; கழிவுக்கல் குன்றை ஒட்டிய பக்கம் காற்று சற்று அடங்கியிருந்தது. பின்னால் நடந்தான். அப்போதுதான் உட்கார்ந்திருந்த கிட்டோ எழுந்தான். எலிஷா எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று பார்த்தான். அந்தப் பக்கமே ஓடத் தொடங்கினான்.

உதை தாழ்வாக, அம்புபோல, குன்றின் மறைவிலேயே போனது. கிட்டோ இருவருக்கு மேல் எம்பிப் பந்தைக் காற்றிலேயே பிடித்தான். சுத்தமான பிடி. சுத்தமாகப் பிடித்தவனிடமிருந்து பந்தைப் பிடுங்க முடியாது. அவன் உதைக்கும்வரை எல்லோரும் ஒதுங்கி நிற்க வேண்டும். கிட்டோ அவசரப்படவே இல்லை. பூட்ஸ் வாரைக் குனிந்து கட்டினான். அடுத்த காலுக்கும் கட்டினான். நடுவர் அதட்டியபோது மணி அடித்தது.

குன்றுக்கு இன்னும் புரியவில்லை. பாதிப்பேர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் தாம்சின் தொண்டை கிழியக் கத்தினாள்: "ரெண்டு! ரெண்டு புள்ளி முன்னால இருக்கோம், எண்ணுங்கடா மடையனுங்களா!" அவளைச் சுற்றி இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். சிரிப்பு அங்கிருந்து தொடங்கிக் குன்று முழுவதும் பரவியது. போன வருஷத்துச் சிரிப்பு அல்ல இது.

கிட்டோ பந்தை அக்குளில் வைத்துக்கொண்டு வந்தான். முகத்தில் கோபமா சந்தோஷமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நான் என்னடா சொன்னேன்?"

"விட்டுராதன்னு சொன்ன."

"நீ என்ன பண்ண?"

"விட்டேன்."

கிட்டோ பந்தை அவன் மேல் எறிந்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

டூலன் முகத்துச் சேற்றை வழித்தபடி வந்து நின்றான். "பேஸ்டி தின்னி, இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

"ஆட்டம்தான் கார்னி. ஒண்ணு உனக்கு, கோப்பை எங்களுக்கு."

"அந்த ஒண்ண வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"போன வருஷம் ஒண்ணு குடுத்தேனே, அதோட சேத்து வெச்சுக்க."

டூலன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டான். அந்த வாரமே லோகன்ஸ் ஹில்காரர்கள் சங்கத்தில் முறையிட்டார்கள். சொந்தக் கம்பத்துக்குப் பின்னால் ஓடுவது ஆண்மையற்ற செயல் என்றார்கள். விதியில் தடை எதுவும் இல்லை என்று சங்கம் கைவிரித்துவிட்டது. அடுத்த பருவத்தில் அவர்களுடைய காவல்காரனே அதைச் செய்தான். செய்துவிட்டு எலிஷா இருந்த திசையைப் பார்த்துக் கொஞ்சம் அசடு வழிந்தான்.

அந்தப் பருவத்தின் முதல் சனிக்கிழமை, புல்லில் காலைப் பனியின் ஈரம் இருந்தது. ஸ்பார்கோவின் தோள் கூடிவிட்டது. அவனை முன்வரிசையில் போட்டார்கள், அவனுக்கும் அதுதான் பிடித்திருந்தது. கிட்டோ பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்தினான்.

"காவல், லிஷ்."

எலிஷா தலையாட்டினான்.

"விட்டுராதன்னு இனிமே சொல்லமாட்டேன் மச்சான். பாத்து விடு."

எலிஷா நான்கு கம்பங்களுக்கு முன்னால் போய் நின்றான். குதிகாலால் மண்ணை ஒருமுறை கிளறிப் பார்த்தான். இறுகலாக, நன்றாக இருந்தது. தூரத்தில் நடுவர் பந்தைத் தரையில் அடித்து மேலே எழுப்பி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். எலிஷாவின் உதடு அசையத் தொடங்கியது. நமக்கு ஒண்ணுமில்ல, அவனுக்கு ஒண்ணுமில்ல.